நாற்பத்து மூன்றாவது நிமிடம்

நியூரன்பெர்க், 3 மார்ச் 1964

மதிப்பிற்குரிய திருமதி ஹார்ம்சன் அவர்களுக்கு,

உங்கள் குடை என்னிடம் இருக்கிறது. பாட் வைடன்பெர்க் ஊர்த் திரையரங்கில், ஏழாவது வரிசையில், நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே கிடந்தது. அதைத் திருப்பித் தரத்தான் எழுதுகிறேன் என்று சொல்லலாம். ஆனால் நாற்பது வருஷம் ரயில்வேயில் வண்டி நேரம் பதிவு செய்தவன் நான், பொய்க் காரணம் எழுதிப் பழக்கமில்லை. குடையை மட்டும் அனுப்புவதென்றால் ஒரு பொட்டலம் போதும், கடிதம் எதற்கு? எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். நீங்கள் ஏன் எழுந்து போனீர்கள்?

உங்கள் விலாசத்தைச் சிகிச்சை விடுதியின் அலுவலகத்து அம்மாளிடம் வாங்கினேன். விதிப்படி கொடுக்கக்கூடாது என்றாள். குடையைக் காட்டினேன். “குடைக்காகவா சார் உங்க மூஞ்சி இப்படித் தொங்கிப்போயிருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தாள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள். நாலு வாரம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். காலை ஆறரைக்கு அந்த நாற்றம் பிடித்த ஊற்று நீரை ஒன்றாகக் குடித்தோம், ஒன்றாக முகம் சுளித்தோம். பூங்காவில் மூன்று சுற்று நடந்தோம். நான் தனியாக வந்த ஒருநாள் அந்தத் தடியன் பல்மருத்துவர், “என்ன டோர்ஃப்லர், இன்னிக்கு நிழல் கூட வரலையா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். சிகிச்சைக்கு வந்த இடத்தில் ஜோடி சேர்ந்தால் நிழல் என்றுதானே கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 22, சனிக்கிழமை. பழைய படங்கள் வாரம். ‘கையுறைக் கடை’ என்று சுவரொட்டி. அதில் ஒரு ஆண் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். “பழைய காதல் படம் போலிருக்கே, போகலாமே,” என்றீர்கள். கீழே பொடி எழுத்தில் ‘குற்றப்படம், 1931’ என்று போட்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன், வாயைத் திறக்கவில்லை. கொலைக்கதை என்றால் எனக்கு உயிர். அது முதல் தப்பு.

ஆட்டம் மூன்றரைக்குத் தொடங்கியது. யார் கொன்றது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால், அந்த இயக்குநர் எடுத்த எடுப்பிலேயே கொலைகாரனைக் காட்டிவிட்டான்! கையுறை விற்கிற அந்த மெர்டென்ஸ்தான். அப்புறம் மிச்சப் படத்துக்கு நான் எதைக் கண்டுபிடிப்பது? எரிச்சலில் படத்தை விட்டுவிட்டு என் சொந்த விஷயத்தை யோசிக்க ஆரம்பித்தேன். ஒரு வாக்கியத்தை மனசுக்குள் இருபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் சாய்ந்து சொன்னேன்: “இனிமே நாம நீன்னே கூப்பிட்டுக்கலாமா?”

நீங்கள் எழுந்தீர்கள். என் காலை மிதித்துக்கொண்டு போனீர்கள். என் கடிகாரத்தில் 4.22. நான் பின்னாலேயே ஓடிவந்தேன், நீங்கள் தெருவில் இல்லை. மறுநாள் காலை வண்டியில் ஊருக்கே போய்விட்டீர்கள்.

நீங்கள் என்பதிலிருந்து நீ என்பதற்கு மாறலாம் என்ற பேச்சைப் பெண்தான் முதலில் எடுக்க வேண்டும். அது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா? அதற்காகவா? இல்லை, மத்தியானம் நான் தின்ற வெங்காயமா? என் கை உங்கள் கையில் பட்டதா?

அந்தக் கேள்விக்கு அடுத்ததாக இன்னொன்று கேட்பதாக இருந்தேன். கோடையில் நியூரன்பெர்க் வருவீர்களா, வந்தால் திரும்பிப் போகாமல் இருப்பீர்களா என்று. எனக்கு அறுபத்தொன்று ஆகிறது. மனைவி போய்ப் பதினொரு வருஷம். சுற்றி வளைக்க நேரமில்லை, எழுதிவிட்டேன்.

தங்கள் பதிலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அல்வின் டோர்ஃப்லர்


லூபெக், 9 மார்ச் 1964

மதிப்பிற்குரிய திரு டோர்ஃப்லர்,

குடையை அனுப்ப வேண்டாம். இங்கே மழை கொட்டுகிறது, ஆனால் என்னிடம் இன்னொன்று இருக்கிறது.

முப்பத்தொரு வருஷம் நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துக்காரி. சாட்சி ஏன் எழுந்து போனார் என்று துருவுவது வக்கீல்களின் வேலை. ‘சாட்சி எழுந்து போனார்’ என்று எழுதுவதோடு என் வேலை முடியும். அதனால் உங்கள் கேள்விகளுக்குத் தெரிந்தவரை மட்டும் பதில்.

வெங்காயம்: வாசனை வந்தது, பொறுத்துக்கொண்டேன். கை: படவில்லை. பேச்சைப் பெண்தான் எடுக்க வேண்டும் என்ற வழக்கம்: மீறினீர்கள், நிஜம். ஆனால் அதற்காகக் காலை மிதித்துக்கொண்டு ஓடுகிற ரகம் இல்லை நான். சிரித்திருப்பேன். “பொறுங்க, அந்த வாய்ப்பை எனக்குக் கொடுங்க,” என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

குற்றப்படம் என்று தெரிந்தும் மறைத்தீர்களா? நல்ல மனுஷர்! நான் நடனமும் வயலினும் வரும் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் திரை முழுக்க மழையும் தெருவிளக்கும். கடைக்காரன் பெண்களின் விரல்களை ஒவ்வொன்றாக அளக்கிறான். அந்த இன்ஸ்பெக்டர் தினமும் வந்து ஒரு ஜோடி கையுறை வாங்கிக்கொண்டு போகிறார். இவன்தான் கொலைகாரன் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்று இவனுக்கும் தெரியும். ஆனாலும் “வாங்க, உக்காருங்க, இந்தத் தோல் உங்களுக்குப் பொருந்துமாங்க?” என்று ஒரே மரியாதை. காதல் படம் இல்லையே என்ற ஏமாற்றம் பத்து நிமிஷத்தில் போய்விட்டது. கண்ணை எடுக்க முடியவில்லை. நீங்கள் பார்க்கவே இல்லை என்கிறீர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்ன கூத்து!

நான் ஏன் போனேன் என்பதை எழுத உட்கார்ந்தேன். நிமிஷத்துக்கு இருநூறு சொல் எழுதிய கை, ஒரு சொல் எழுதவில்லை. வாயாலும் வராது, அதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்களே கண்டுபிடித்தால் தடுக்க மாட்டேன். கொலைக்கதை என்றால் உயிர் என்கிறீர்களே, துப்புத் துலக்குங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வியை மூன்று முறை படித்தேன். அதற்கான பதில் முதல் கேள்விக்குள் இருக்கிறது. முதலாவது தெரியாமல் இரண்டாவதற்கு நான் ஆமாம் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவது.

ஒன்று கேட்கலாமா? படம் எப்படி முடிந்தது? நீங்களும் பாதியில் ஓடிவந்துவிட்டீர்கள் என்றால் தெரிந்திருக்காது. எனக்கு அதை நினைத்துத்தான் ராத்தூக்கம் போகிறது.

வணக்கத்துடன்,
வீப்கே ஹார்ம்சன்


நியூரன்பெர்க், 22 மார்ச் 1964

மதிப்பிற்குரிய திருமதி ஹார்ம்சன் அவர்களுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்!

ஊரில் எந்தத் திரையரங்கிலும் அந்தப் படம் இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் விரட்டாத குறை. “முப்பத்தொண்ணுல வந்த படத்தை இப்ப வந்து கேக்குறீங்களே, போய் மியூசியத்துல கேளுங்க!” என்றான் ஒருவன். கடைசியில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு திரைப்படக் கழகம் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கே ‘கையுறைக் கடை’யைப் போன வாரம்தான் போட்டிருக்கிறார்கள். படச்சுருள் இன்னும் அவர்களிடமே இருக்கிறது, ஏப்ரல் 6ஆம் தேதி ஆவணக் காப்பகத்துக்குத் திரும்ப வேண்டும்.

நேற்று போனேன். ரைன்ஹில்ட் என்று ஒரு மாணவி. ஆம்பளைக் கால்சட்டை, விரலில் சிகரெட், கண்ணுக்குக் கீழே கறுப்பு. அந்தப் பெண்தான் புரொஜெக்டர் ஓட்டுகிறாள். “முழுப் படமும் போட எனக்கு நேரமில்லைங்க. பரீட்சை இருக்கு. எந்த இடம் வேணும்னு சொல்லுங்க, அந்த ரீலை மட்டும் போடறேன்.”

“ஐம்பத்திரண்டாவது நிமிஷம்,” என்றேன். மூன்றரையிலிருந்து 4.22 வரை ஐம்பத்திரண்டு. என் கணக்கு தப்பாது.

“நிமிஷக் கணக்கா? எல்லாரும் வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்க வருவாங்க, நீங்க கடிகாரத்தைத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே!”

“யாரு எப்ப செத்தாங்கன்னு பாக்கறதுக்குத்தானேம்மா கொலைப்படம்?”

“இது கொலைப்படமே இல்லைங்க.”

“பின்னே?”

“நகரத்தைப் பத்தின படம்.”

சரி, அந்தப் பெண்ணோடு சண்டை எதற்கு. ஆறாவது ரீலைப் போட்டாள். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். திரையில் என்ன வந்தது தெரியுமா? கசாப்புக்காரனின் நாய் நடுரோட்டில் ஓடுகிறது, பால்வண்டி அதன்மேல் ஏறிவிடுகிறது! இன்ஸ்பெக்டர் குனிந்து நாயைத் தடவுகிறார்.

இதுதானா? உங்களிடம் எப்போதோ ஒரு நாய் இருந்திருக்கிறது, இப்படித்தான் செத்திருக்கிறது. நான் உளறியதற்கும் நீங்கள் போனதற்கும் சம்பந்தமே இல்லை. அப்பாடா என்றிருந்தது. அதன் பெயர் என்ன? எனக்கும் நாய் பிடிக்கும். என்னோடு இருக்கும் தங்கை அஃப்ராவுக்குத்தான் பிடிக்காது, அவளைச் சமாளித்துக்கொள்ளலாம்.

பாரம் இறங்கிய,
அல்வின் டோர்ஃப்லர்


லூபெக், 26 மார்ச் 1964

மதிப்பிற்குரிய திரு டோர்ஃப்லர்,

நான் நாய் வளர்த்ததே இல்லை. நாய் என்றால் எனக்குத் தும்மல் வரும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டி, “என்னாச்சு, வீப்கே?” என்று கேட்டாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கடிதத்துக்கு, “ஆமாம், நாய்தான். அதன் பேர் மோல்லி,” என்று பதில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. நீங்கள் நம்பிவிடுவீர்கள். கோடையில் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். அப்படி ஒரு கடிதத்தை எழுதியும் விட்டேன். உறையிலும் போட்டேன். காலையில் எடுத்துக் கிழித்துப்போட்டேன்.

நாற்பது வருஷம் வண்டி நேரம் எழுதியவரே, செய்திப்படத்தை எப்படி மறந்தீர்கள்? படத்துக்கு முன்னால் ஓடியதே! ஒரு பாலம் திறந்தார்கள், நீர்யானைக் குட்டிக்குப் பெயர் வைத்தார்கள், பிறகு சலவைத்தூள் விளம்பரம், பிறகு அந்த ஊர் மிட்டாய்க்கடை விளம்பரம். எல்லாம் சேர்ந்து ஒன்பது நிமிஷம். மாணவர்கள் செய்திப்படம் போடுவார்களா?

கழித்துக்கொள்ளுங்கள். நானே காட்டிக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லத்தான் வரவில்லை, இதையாவது செய்கிறேனே.

ஆறாம் தேதிக்குள் போய்ப் பாருங்கள். பார்த்த பிறகு எனக்கு எழுத வேண்டாம் என்று தோன்றினால் எழுத வேண்டாம். நான் காரணம் கேட்க மாட்டேன்.

வீப்கே ஹார்ம்சன்


நியூரன்பெர்க், 5 ஏப்ரல் 1964

மதிப்பிற்குரிய திருமதி ஹார்ம்சன் அவர்களுக்கு,

ஈஸ்டர் விடுமுறையில் கழகம் பூட்டிக் கிடந்தது. நேற்றுத்தான் திறந்தார்கள். நாளைக்குப் படச்சுருள் பெட்டிக்குள் போய்விடும். ரைன்ஹில்ட் என்னைப் பார்த்ததும், “வந்துட்டீங்களா! நாய் செத்த ரீலா?” என்றாள்.

“இல்லம்மா. நாற்பத்து மூணு.”

“செய்திப்படத்தைக் கழிச்சீங்களா?”

அவளுக்குக்கூட உறைத்திருக்கிறது பாருங்கள்! ஓய்வுபெற்ற ரயில்வேக்காரன் ஒன்பது நிமிஷத்தைத் தொலைத்துவிட்டான். வேலையில் இருந்தபோது செய்திருந்தால் இரண்டு வண்டி மோதியிருக்கும்.

ஐந்தாவது ரீல். நாற்பத்திரண்டாவது நிமிஷத்தில் ரொட்டிக்கடைக் கல்லாவில் இருக்கும் அந்த விதவை கையுறைக் கடைக்குள் வருகிறாள். மழை. மெர்டென்ஸ் அவள் கையைத் துடைத்துவிடுகிறான். “உக்காருங்க. குளிருதாங்க?” என்கிறான். கதவுக்குப் போய்த் தாழ்ப்பாள் போடுகிறான். திரும்பி வருகிறான். அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அவள் காதுப்பக்கம் குனிந்து சொல்கிறான்:

“இனிமே நாம நீன்னே கூப்பிட்டுக்கலாமா?”

திருமதி ஹார்ம்சன், கடிகாரத்தைப் பார்க்கவே மறந்துவிட்டேன். அதே வாக்கியம். ஒரு சொல் மாறவில்லை. இந்த நாட்டில் எல்லோரும் அதற்கு அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறோம், வேறு எப்படிச் சொல்வது? ஆனால் திரையில் அவன் உங்கள் எதிரே சொல்ல, பக்கத்தில் நான் இருட்டில் உங்கள் காதில் சொல்லியிருக்கிறேன். என் இடது காது எஞ்சின் ஊதலில் போனது. அவன் பேசியது எனக்குக் கேட்கவே இல்லை.

“ரீலைத் திருப்பிப் போடும்மா,” என்றேன். போட்டாள். இன்னொரு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை புரொஜெக்டரை நிறுத்திவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “என்ன சார், உங்களுக்கு ஏதாவது பண்ணுதா? தண்ணி தரட்டுமா?”

நடந்ததைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்திருக்கும். அவள் சிகரெட்டை அணைத்துவிட்டாள்.

“இந்த ஆளு கொல்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு பொம்பளைகிட்டயும் இதைத்தான் சொல்வான் சார். முதல் ரீல்லயே ஒருத்திகிட்ட சொல்றானே. நீங்க கவனிக்கலையா?”

“நான் அப்போ யாரு கொலைகாரன்னு முன்னாடியே காட்டிட்டானேன்னு கடுப்புல இருந்தேன்.”

“அது தெரியற படத்துலதான் சார் மத்ததைக் கவனிக்க முடியும்,” என்றாள். இப்போது எனக்கும் புரிகிறது.

கொலைகாரனின் வாக்கியத்தை நான் சொன்னேன், பயந்து ஓடினீர்கள். அதோடு முடிந்தது என்றால் சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் சிரித்துவிட்டு மறந்திருக்க வேண்டிய விஷயம் அது. ஒரு படத்தில் வந்த பேச்சுக்காக மறுநாளே ஊரைவிட்டுப் போகிறவர் இல்லை நீங்கள். அந்த வாக்கியத்தை வேறு யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், நான் சொல்வதற்கு வெகு முன்னால். இதற்குமேல் துப்புத் துலக்க மாட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

முடிவைக் கேட்டிருந்தீர்கள். மிச்ச ரீல்களையும் போடவைத்துப் பார்த்துவிட்டேன். நீங்கள் எழுந்த அந்த இடத்திலேயே, அரை நிமிஷம் பொறுத்திருந்தால் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த விதவை கையை மெதுவாக உருவிக்கொள்கிறாள். “வேண்டாங்க. நமக்குள்ள நீங்கன்னே இருக்கட்டும்,” என்கிறாள். அவ்வளவுதான். தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு மழையில் போய்விடுகிறாள். அவன் பேயறைந்தவன்போல நிற்கிறான். அதுவரை ஒருத்திகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அப்புறம் அவள் ரொட்டிக்கடையில் யாரிடமோ அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். வரிசையில் நிற்கும் இன்ஸ்பெக்டர் காதில் விழுகிறது. முதல் ரீலில் செத்துப்போன பெண் எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம் அவரிடம் இருக்கிறது, அதில் அவள் மெர்டென்ஸை நீ என்று எழுதியிருக்கிறாள். அவனோ வெறும் வாடிக்கைக்காரி என்று சாதித்தவன். வாடிக்கைக்காரிகளிடம் அவன் நீ என்ற பேச்சை எடுப்பான் என்பதற்கு இப்போது உயிரோடு ஒரு சாட்சி, மாட்டிக்கொண்டான். விதவை சாகவில்லை. கடைசிக் காட்சியில் கல்லாவில் நின்று, “அடுத்தது யாருங்க?” என்கிறாள்.

உங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும், உங்கள்
அல்வின் டோர்ஃப்லர்


லூபெக், 14 ஏப்ரல் 1964

மதிப்பிற்குரிய திரு டோர்ஃப்லர்,

சாகவில்லையா! கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். ஏழு வாரமாக அந்தப் பெண்ணை நான் தினமும் சாகடித்துக்கொண்டிருந்தேன்.

எழுதுகிறேன். இப்போது வருகிறது.

என் கணவர் ஹின்ரிக் துறைமுகச் சுங்கத்தில் இருந்தார். ஒன்பது மாசம் என்னை நீங்கள், வாருங்கள் என்றே பேசினார். கதவைத் திறந்து பிடிப்பார். கோட்டை வாங்கி மாட்டுவார். அந்த வாக்கியத்தைச் சொல்லும் உரிமை பெண்ணுக்குத்தான் என்று காத்திருந்தார். நான்தான் சொல்லவில்லை. ஒருநாள் ஆற்றங்கரையில் அவரே சொன்னார். எனக்கு இருபத்தாறு வயசு. வெட்கமும் சந்தோஷமுமாகத் தலையாட்டினேன். அன்று மாலையே, “நீ இந்தத் தொப்பியைப் போடாதே,” என்றார். முதல் நீ அது. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம். நீ வாயை மூடு. நீ யார் அதைக் கேட்க. நீ எழுந்திரு, இன்னும் எதற்குத் தரையில் கிடக்கிறாய். கடைக்காரரிடம், தபால்காரரிடம், என் அப்பாவிடம் அவர் பேசிய நீங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். தபால்காரரைப் பார்த்து ஒரு பெண் பொறாமைப்பட்டாள் என்றால் நம்புவீர்களா? அவர் செத்து ஏழு வருஷம் ஆகிறது. அழுதேனா என்று கேட்காதீர்கள்.

நீதிமன்றத்தில் ஒரு விவாகரத்து வழக்கு நினைவுக்கு வருகிறது. புருஷனும் பெண்டாட்டியும் காது கிழியக் கத்தினார்கள். என்னால் எழுத முடியவில்லை. நீதிபதி மேஜையைத் தட்டி, “இந்த அறையில் நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நீங்கன்னுதான் பேசணும். இது உத்தரவு,” என்றார். இருவரும் திகைத்தார்கள். பிறகு அவன், “நீங்க... அந்த அலமாரியை வச்சுக்குங்க,” என்றான். அவள், “உங்களுக்கு அது பிடிக்குமே,” என்றாள். அரை மணியில் எல்லாம் முடிந்தது. வெளியே போகும்போது அவன் அவளுக்குக் கதவைப் பிடித்தான். அந்தப் பக்கத்தை நான் தட்டச்சு செய்தபோது எழுத்து கலங்கிப்போய் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது.

திரு டோர்ஃப்லர், நாலு வாரம் நீங்கள் என்னிடம் ‘உங்களுக்கு உப்பு வேணுமாங்க’ என்று கேட்டீர்கள். ‘களைப்பா இருக்கீங்களா, உக்காரலாமா’ என்று கேட்டீர்கள். மற்றவர்களுக்கு அது விலகி நிற்கிற பேச்சு. எனக்கு அதைவிட நெருக்கமாக யாரும் பேசியதில்லை. அதை எடுத்துக்கொண்டு நீயைத் தருகிறேன் என்றால் நான் ஓடாமல் என்ன செய்வேன்?

ரொட்டிக்கடைக்காரிக்குச் சட்டென்று வந்த வாக்கியம் எனக்கு முப்பது வருஷம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். வேண்டாங்க. நமக்குள்ள நீங்கன்னே இருக்கட்டும்.

ஆனால் அவளைப்போலத் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு போக எனக்கு விருப்பமில்லை. அந்தச் சொல்தான் வேண்டாம், நீங்கள் வேண்டும். கோடையில் வருகிறேன். திரும்பிப் போகாமல் இருக்கிறேன். கல்யாணம் என்றாலும் சரி. ஊர் சிரிக்கும். புருஷன் பெண்டாட்டி நீங்கள் என்று பேசிக்கொள்வதை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்? உங்களால் அதைத் தாங்க முடியுமா என்று நன்றாக யோசித்து எழுதுங்கள். முடியாது என்றால் எனக்குப் புரியும்.

வீப்கே ஹார்ம்சன்


நியூரன்பெர்க், 17 ஏப்ரல் 1964

மதிப்பிற்குரிய திருமதி ஹார்ம்சன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் காலை ஒன்பதுக்கு வந்தது. இப்போது மணி பதினொன்று. நடுவில் நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு மணி நேரம் உங்கள் கணவரைத் திட்டினேன். செத்தவரை அப்படித் திட்டக்கூடாதுதான். அஃப்ரா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “யாரை அண்ணா இப்படி வையறே?” உங்கள் கதையை முழுசாகச் சொல்லவில்லை, அது உங்களுடையது. இந்த அம்மாளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், ஆனால் கடைசிவரை நீங்கள் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம் என்று மட்டும் சொன்னேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பெண்டாட்டியைப் போயி நீங்க வாங்கன்னு சொல்லுவியா? பாதிரியார் என்ன நெனைப்பார்? தெருவே கைகொட்டிச் சிரிக்கும்!”

“சிரிக்கட்டும்.”

“சரி, சண்டை வந்தா? சண்டை வராத வீடு உண்டா? அப்ப எப்படித் திட்டுவே?”

நியாயமான கேள்வி. எனக்கும் தெரியவில்லை. அவள் கடைக்குப் போனதும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலி நாற்காலியில் உங்களை உட்காரவைத்துத் திட்டிப் பார்த்தேன். சூப்பில் உப்பில்லை என்று வைத்துக்கொண்டேன். “திருமதி ஹார்ம்சன், நீங்க...” என்று குரலை உயர்த்தினேன். அதற்குமேல் ஓடவில்லை. மறுபடியும் ஆரம்பித்தேன், இன்னும் சத்தமாக. “நீங்க...” மூன்றாவது தடவை என் வாயில் வந்தது, “நீங்க சாப்பிட்டீங்களா?” என்பதுதான்.

நீங்கள் எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
அல்வின் டோர்ஃப்லர்